சாமியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை

கொடைக்கானலில் மூடுபனி ஜன்னலை அடைத்திருந்த ஒரு மதியம், பிஎச்.டி. மாணவி ஒருவர் எங்கள் ஆசிரியர் அறையில் கேள்வித்தாள் கொடுத்துவிட்டுப் போனார். தலைப்பு 'பணியிட ஆன்மிகம்'. ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 5 வரை டிக் அடிக்க வேண்டும். கிருத்திகை தவறாமல் பழனி போகிற தமிழ் ஐயா, "நமக்கு முழு மார்க்" என்று சிரித்தபடி பேனாவை எடுத்தார். கூட்டிப் பார்த்தால் கோயில் பக்கமே போகாத இயற்பியல் மேடம் அவரை முந்தியிருந்தார்.

தாளில் சாமியே இல்லையே, அப்புறம் எப்படி? இந்த மாதிரிக் கேள்வித்தாள்கள் பலவும் 2003-இல் ஆய்வாளர் மில்லிமன் குழு எடுத்துக்கொண்ட மூன்று விஷயங்களைத்தான் கேட்கின்றன: செய்கிற வேலையில் அர்த்தம் தெரிகிறதா, கூட வேலை செய்பவர்களோடு ஒட்டுதல் உண்டா, நிறுவனத்தின் கொள்கை நமக்கு ஒத்துவருகிறதா. வேலைக்கு அர்த்தம் இருப்பதாகச் சொன்னவர்களிடம் வேலைத் திருப்தியும் அதிகம் என்பது அவர்கள் கண்டது.

அர்த்தம் எங்கிருந்து வருகிறது? 2007-இல் உளவியலாளர் ஆடம் கிராண்ட் குழு, பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்களை, அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரோடு ஐந்து நிமிடம் பேச வைத்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கும் மேல்! சம்பளம் ஏறவில்லை, யாரும் உபதேசம் செய்யவும் இல்லை. பலன் யாருக்குப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். மேடத்தின் மேஜைக்கடியில் அன்று ஒரு பை மலைப்பூண்டு இருந்தது, மன்னவனூரிலிருந்து வந்து படித்து இப்போது டீச்சராக இருக்கும் பழைய மாணவி காலையில் கொடுத்துவிட்டுப் போனது. அறை முழுக்க அந்த வாசனைதான்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அர்த்தம், திருப்தி இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நிரப்புகிறார். பூண்டு வந்த நாளில் இரண்டும் சேர்ந்தே ஏறும். எது எதை ஏற்றியது என்று இப்படிப்பட்ட தாள் சொல்லாது.

இதில் கசப்பான பக்கமும் இருக்கிறது. 2009-இல் அமெரிக்க, கனடா மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களிடம் நடந்த ஆய்வில், 'இதற்காகத்தான் பிறந்தேன்' என்று நினைப்பவர்கள் குறைந்த சம்பளத்தையும் சகித்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். 'ஆசிரியப்பணி அறப்பணி' என்று மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர் தம்பி அர்த்தம் வரியில் 5 போட்டார், கொள்கை வரியில் 1. வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று தாளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.