பார்த்தேன், எதுவும் வரவில்லை

சந்திப்பில் ஒரு கார் பைக்கை இடித்துவிடுகிறது. "ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் எடுத்தேன், எதுவும் வரல" என்கிறார் ஓட்டியவர். புளுகுகிறார் என்றுதான் சுற்றி நிற்பவர்கள் நினைப்பார்கள். பல நேரம் அவர் சொல்வது உண்மை. கண் பைக் இருந்த திசைக்குப் போயிருக்கும். பைக் மட்டும் மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அகலத்துக்குள்தான் நம் பார்வை கூர்மை. மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் ஓயாமல் தாவித் தாவி இடம் மாறுகிறது. ஒவ்வொரு தாவலின்போதும் மூளை பார்வையைக் கிட்டத்தட்ட அணைத்துவிடுகிறது. இல்லாவிட்டால் எல்லாம் கலங்கித் தெரியும். (கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், கண் அசைவது தெரியவே தெரியாது.) விட்டுப்போன துண்டை மூளையே நிரப்பிக்கொள்ளும். தலையைச் சடாரென்று திருப்பும்போது ஒல்லியான பைக் அந்தத் துண்டில் விழுந்தால், அங்கே காலிச் சாலைதான் தெரியும்.

இன்னொரு வில்லங்கம் கணக்கில் இருக்கிறது. இரண்டு வண்டிகள் மாறாத வேகத்தில் நேராக வந்து மோதப்போகின்றன என்றால், ஒன்றிலிருந்து பார்க்க மற்றது ஒரே கோணத்தில் நிற்கும். பக்கவாட்டில் நகராது, மெல்லப் பெரிதாகும், அவ்வளவுதான். ஓரப்பார்வையோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். விலகிப்போகிற வண்டி கண்ணில் படுகிறது, மோத வருவது படுவதில்லை! அதே கோணத்தில் முன்கண்ணாடியின் ஓரத் தூண் இருந்துவிட்டால், கடைசிவரை அது பைக்கை மறைத்துக்கொண்டே வரும்.

சரி, நேராகவே பார்த்தால்? கவனமும் அங்கே இருக்க வேண்டும். 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டபர் சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு வீடியோவைக் காட்டி, அதில் பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து போகிறார். ஏறக்குறைய பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை. போனில் பேசியபடி ஓட்டுபவர் நிலையும் இதுதான். ஹேண்ட்ஸ்ஃப்ரீ கையைத்தான் விடுவிக்கும். பக்கத்தில் இருப்பவராவது நெரிசலைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது. கவனம் 2 நொடி பேச்சில் போனாலே, மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும்.

வானத்தை ஒரே வீச்சில் துழாவாதீர்கள் என்று விமானிகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். பத்துப் பத்து டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்த வேண்டும். சந்திப்பிலும் இது செல்லும்: கிட்டத்தில், நடுவில், தூரத்தில் என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது, தலையை ஒரு சாண் முன்னே நீட்டித் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது, அப்புறம் இன்னொரு தடவை பார்ப்பது.