குளத்தோரத்தில் செயற்கைப் புல்: அடியில் தண்ணீர், மேலே சூடு

சேலம் கன்னங்குறிச்சியில் என் மாமா வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஒரு நீச்சல் குளம் உண்டு. அதைச் சுற்றி இயற்கைப் புல் நிலைக்கவே இல்லை. குளித்து ஏறுகிற பிள்ளைகள் ஒரே தடத்தில் மிதிக்க மிதிக்க அது சேறாகி, அந்தச் சேறு காலோடு மறுபடி குளத்துக்குள் போகும். அதனால் செயற்கைப் புல் போட்டார்கள். முதல் மழை முடிந்த இரண்டாம் நாள் குப்பென்று வாடை அடித்தது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தோம். செம்மண்ணைத் தட்டி மட்டமாக்கி, அதன்மேல் நேராகவே விரித்திருந்தார்கள். புல்லின் ஓட்டைகள் வழியே இறங்கிய தண்ணீர், போக இடமில்லாமல் கொழகொழவென்று நின்றது.

தறி ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு இந்தப் புல்லைப் புரிய வைப்பது எளிது. இதுவும் துணிதான். அரிசி மூட்டைக்கு வரும் பிளாஸ்டிக் சாக்கு இருக்கிறதல்லவா, ஏறக்குறைய அதே பாலிப்ரொப்பிலீன் நெசவுதான் அடித்துணி. அதில் வரிசையாக ஊசிகள் இறங்கி, பாலிஎத்திலீன் இழைகளைக் குத்தி இழுக்கும். இழை உருவிக்கொண்டு வராமலிருக்கப் பின்பக்கம் லேடெக்ஸோ பாலியூரித்தேனோ பூசுவார்கள். அந்தப் பூச்சு தண்ணீரையும் அடைத்துவிடும். அதற்காகத்தான் சில அங்குல இடைவெளியில் ஓட்டை போடுகிறார்கள். ஓட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இரண்டாவதாக வந்த மேஸ்திரி எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டு நாலு அங்குலம் தோண்டினார். மண்ணுக்கு மேல் நீர் புகும் துணி ஒன்றை விரித்தார். இது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மண் மேலேறி ஜல்லியின் சந்துகளை அடைத்துவிடும். அப்புறம் மூன்று அங்குலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் மெல்லிசாகச் சிப்ஸ் எனும் பொடிக்கல், பிறகு ரோலர். உடைத்த கல்லுக்கு முனை உண்டு. அழுத்தும்போது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், ஆனாலும் நடுவே இடம் விடும். ஜல்லிக் குவியலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் காற்றுதான். அப்படியானால் மூன்று அங்குல ஜல்லி ஏறக்குறைய ஓர் அங்குல மழையைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும்.

வாங்கியது நகர வேண்டுமே, அதற்குத்தான் வாட்டம். ரசமட்டம் வைத்துப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் விட்டார், அதுவும் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக. குளத்தைப் பார்த்து வாட்டம் விட்டால் தோட்டத்து அழுக்கெல்லாம் குளித்தண்ணீரில் கலக்கும். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். சளசளவென்று இறங்கியது, மேலே ஒரு குட்டைகூட நிற்கவில்லை.

குளோரின் தண்ணீர் பட்டால் புல் கெடாதா என்று அத்தை கேட்டார். பாலிஎத்திலீன் தண்ணீரை உறிஞ்சாது. குளத்தில் கலக்கிற அளவு குளோரின், அதாவது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அதை ஒன்றும் செய்வதில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் பாலிஎத்திலீன்தான், வெயிலிலேயே எத்தனை வருஷம் நிற்கிறது! புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இழையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது சூடு. ஏப்ரல் மதியம் மாமாவின் பேத்தி குளத்திலிருந்து ஏறி இரண்டடி வைத்தவள், "தாத்தா, சுடுது!" என்று துள்ளித் தண்ணீருக்குள்ளேயே குதித்துவிட்டாள். உயிருள்ள புல் இலை வழியே நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும், 1,000 வாட் ஹீட்டர் 40 நிமிடம் ஓடுவதற்குச் சமம். நன்றாகத் தண்ணீர் விட்ட புல்தரை கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் போல ஆவியாக்கும். அங்கே விழும் வெயிலில் பாதிக்கு மேல் இப்படியே கரைந்துவிடுகிறது. பிளாஸ்டிக் இழைக்கு அந்த வழி கிடையாது. வெப்பத்தை மண்ணுக்குள்ளும் அதிகம் கடத்தாது, நன்றாகச் சூடேறிக் காற்றுக்கும் கதிராகவும் விட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் உச்சி வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம்.

குளத்து விளிம்புக் கருங்கல்லும் சுடத்தான் செய்யும், ஆனால் வேறு மாதிரி. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் கல்தான் காலை அதிகம் சுடும், ஏனென்றால் தன்னிடமுள்ள வெப்பத்தை அது வேகமாகத் தோலுக்குக் கொடுக்கும். மெல்லிய இழையில் வெப்பச் சேமிப்பு குறைவு. ஒரு வாளி தண்ணீர் தெளித்தால் உடனே ஆறிவிடும். வெயில் அடிக்கும்வரை மறுபடி மறுபடி சூடு ஏறிக்கொண்டும் இருக்கும். தண்ணீரை இப்படி ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட நிழல் நல்லது. மாமா இப்போது படிக்கட்டுப் பக்கம் மட்டும் நிழல்வலை கட்டியிருக்கிறார்.

இழைகளுக்கு நடுவே சிலிக்கா மணல் தூவுவார்கள், அது புல்லை நிமிர்த்தி நிற்க வைக்கும், கனம் கொடுத்து எழும்பாமல் பிடிக்கும். விளிம்பில் மட்டும் குறைவாகத் தூவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மணல் குளத்தின் அடியில் போய்ச் சேரும்.

இதே புல்லை ஏற்காட்டில் போட்டால் கதை மாறும். சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. கால் அவ்வளவு சுடாது. ஆனால் சில்வர் ஓக் நிழலும் பனிமூட்டமும் சேர்ந்து இழைகளைக் காயவிடாது. விழுந்த இலை மட்கி மணலோடு சேர, அதில் பாசி பிடித்து வழுக்கும். அங்கே நிழலைக் குறைக்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறையாவது விறைப்பான துடைப்பத்தால் இழையின் சாய்வுக்கு எதிராகக் கூட்டிவிட வேண்டும்.