குடையை மட்டும் பறித்து வராதீர்கள்

மழை பிடித்துவிட்டால் என் மேசைக்குப் பாலித்தீன் பைகள் வர ஆரம்பித்துவிடும். பூஞ்சைகளை ஆராய்வதுதான் பிழைப்பு என்பதால் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் ஈரப் புல்வெளியில் பறித்த காளானைக் கொண்டுவந்து கொட்டி, "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்கிறார்கள். பைக்குள் வியர்த்துக் கசங்கிய குடைகள் மட்டும்தான் இருக்கும், அடித்தண்டு மண்ணிலேயே நின்றுவிட்டிருக்கும். தொப்பியைக் காட்டி ஆள் யாரென்று கேட்கிற கதைதான்.

எனக்கு முதலில் வேண்டியது அந்த அடித்தண்டு. கொடிய நஞ்சுக் காளான்கள் சில அடங்கிய அமானிட்டா பேரினத்தின் இனங்கள் பலவற்றில் தண்டின் அடியில் உடைந்த முட்டை ஓடு போல ஓர் உறை மண்ணுக்குள் புதைந்திருக்கும், மேலே பிடித்துக் கிள்ளினால் அது கையோடு வராது. அமானிட்டா ஃபாலாய்டிஸ், உலகெங்கும் காளானால் நேர்கிற சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமானது, மர வேர்களோடு கூட்டுச் சேர்ந்து வாழ்வது. வேர் போகிற தூரத்துக்கு அதுவும் போகும், ஆகவே மரத்தைவிட்டுத் தள்ளிப் புல்லுக்குள்ளும் தலைகாட்டும். "மரத்தடியில் இல்லை சார், வெட்டவெளியில்தான் பறித்தேன்" என்ற சமாதானம் செல்லாது.

புல்வெளியில் அதிகம் பேரை ஏமாற்றுவது வேறொன்று, குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், தண்டில் வளையம் என்று பார்க்க லட்சணமாக இருக்கும். ஒருமுறை ஒருவர் ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து, குடைக்கு அடியில் விசிறி மடிப்பு மாதிரி இருக்கும் செவுள்களைத் திருப்பிக் காட்டி, "பாருங்கள், பால் மாதிரி வெள்ளை" என்றார். இளம் காளானில் வெள்ளையாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கலே. அதிலேயே முற்றிய குடையாக ஒன்றை எடுத்து, செவுள் பக்கம் கீழே படும்படி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் வைத்து, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனேன். காலையில் தூக்கிப் பார்த்தால் தாளில் செவுள்களின் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன, குடையிலிருந்து உதிர்ந்த வித்துகளின் மங்கிய பச்சைத் தூளாக. சாப்பிட்டிருந்தால் சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியும் ஆளைச் சுருட்டிப் போட்டிருக்கும். சரி, வெள்ளைத் தூள் விழுந்தால் பயமில்லையா? அமானிட்டாவின் தூளும் வெள்ளைதான். தாளில் கறுப்புப் பாதி இருப்பதே அந்த வெள்ளை கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான்.

இன்னொரு தொல்லை, புல்லில் வட்டம் போட்டு முளைப்பவை. மராஸ்மியஸ் ஓரியாடஸ் உண்ணத் தகுந்தது. அதே புல்லில், சில சமயம் அதன் பக்கத்திலேயே, மஸ்கரின் நஞ்சுள்ள கிளிட்டோசைப் ரிவுலோசாவும் நிற்கும். அதைத் தின்றால் இரண்டு மணி நேரத்துக்குள் வியர்வை கொட்டும், எச்சில் ஊறும், கண்ணில் நீர் வழியும். ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதையெல்லாம் அதே கணக்கில் சேர்த்தால் மாட்டிக்கொள்வோம்.

பூச்சி தின்றிருந்தால் நல்லது, வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது என்பதெல்லாம் வெறும் பேச்சு. நன்றாக வேகவைத்தாலும் அமானிட்டா ஃபாலாய்டிஸின் நஞ்சு அழியாது. போனில் படம் பிடித்துப் பெயர் கேட்கிற செயலியை நான் இதில் நம்புவதில்லை, மண்ணுக்குள் இருப்பது படத்தில் விழாதே.

இதையெல்லாம் மீறி யாராவது சாப்பிட்டுவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் தொடங்குகிற வாந்தி, பேதி மோசமான அறிகுறி. சீக்கிரமே தொடங்கினாலும் ஆபத்து இல்லை என்று ஆகாது, சீக்கிரம் வேலை காட்டுவது, தாமதமாகக் காட்டுவது என இரண்டு வகையையும் சேர்த்துத் தின்றிருக்கலாம். அமானிட்டா ஃபாலாய்டிஸ் தின்றவருக்கு நடுவே ஒரு நாள் போல உடம்பு தேறியதாகத் தோன்றும், கல்லீரல் அந்த நேரத்தில்தான் கெட்டுக்கொண்டிருக்கும். அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சமைத்ததில் மிச்சம், குப்பையில் போட்ட தண்டு, நறுக்கிய துண்டு, எது கிடைத்தாலும் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பாலித்தீனில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும்.