மலையேற்றப் பந்தயத்துக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

மலைச்சாலையில் கார்கள் ஒவ்வொன்றாக நேரக் கணக்கில் ஏறும் மலையேற்றப் பந்தயத்துக்காகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குறைந்த செலவில் தயார் செய்ய விரும்பிப் பட்டறைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர், இன்ஜினில் இன்னும் எத்தனை குதிரைத்திறன் கூட்டலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முதல் ஆண்டு இன்ஜினைத் தொடவே வேண்டாம் என்பதுதான் அவர்களுக்கு என் பதில். பாடி, ஓட்டுநரைக் காக்கும் சாதனங்கள், பிரேக், டயர் ஆகியவற்றுக்குப் பிறகுதான் இன்ஜினின் முறை வர வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் பாதி வேலையிலேயே கையிருப்பு தீர்ந்துபோய், வேகமாக ஓடினாலும் நம்பி உட்கார முடியாத காரோடு நிற்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

வட்டப் பாதையில் ஓடும் பந்தயத்தில் டயரையும் பிரேக்கையும் சூடேற்றிக்கொள்ளச் சில சுற்றுகள் கிடைக்கும். தடம் தவறினால் காரை நிறுத்தச் சரளைப் பரப்பு இருக்கும். மலைச்சாலையிலோ, வரிசையில் காத்திருந்து ஆறிப்போன கார் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, முதல் வளைவிலேயே முழுப் பிடிப்பையும் காட்டியாக வேண்டும். சாலையோரத்தில் இருப்பது மரம், பாறை அல்லது பள்ளம். 1905இல் பந்தயம் தொடங்கிய இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் பாதையின் நீளம் 1,000 கெஜம், அதாவது சுமார் 914 மீட்டர் மட்டுமே. 1916இல் முதல் பந்தயம் கண்ட அமெரிக்காவின் பைக்ஸ் பீக் பாதை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓடி, 156 வளைவுகளைக் கடந்து, 4,302 மீட்டர் உயரத்தில் முடிகிறது. நீளம் எதுவானாலும், அதே ஓட்டத்தில் அதே வளைவுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை என்பது இரண்டுக்கும் பொது.

இந்த வேலைக்கு நான் அடிக்கடி பரிந்துரைப்பது 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. எடை ஒரு டன்னுக்குள் அடங்கும், பின்சக்கர இயக்கம், உதிரிபாகங்களும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் வாங்குவதற்கு முன் துருவைத் தேடுங்கள். கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதி பின்சக்கர வளைவைத் தொடும் இடத்தில்தான் அது ஒளிந்திருக்கும். துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் உள்ள வடிகால் குழாய்கள் வழியாக வெளியேற வேண்டும். அவற்றை இலையும் தூசியும் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, தகட்டை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். பெயிண்ட் கொப்புளிப்பது தெரியும்போது உட்தகடு பெரும்பாலும் போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மந்தமாக மாறினால் அங்கே காந்தத்தை வையுங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகடு அல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டான ரோல் கேஜின் கால்களும், அவரை இருக்கையோடு கட்டிவைக்கும் ஹார்னெஸ் பட்டைகளின் பிடிமானங்களும் விபத்தின் முழு விசையையும் இறக்குவது பாடியின் தகட்டில்தான் என்பதால், இந்தச் சோதனையில் தோற்ற காரை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

ரோல் கேஜுக்கான, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகள், ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மைக் குழாய் வளைவுக்குக் குளிர்முறையில் இழுக்கப்பட்ட தையலற்ற எஃகுக் குழாயை, 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டதாகக் கேட்கின்றன. காலடியில் வைக்கும் வலுவூட்டும் தகடு குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்டிருக்க வேண்டும். உங்கள் போட்டியின் விதிப்புத்தகம் வேறு அளவு கேட்கலாம். அதைப் படித்துவிட்டுக் குழாய் வாங்குங்கள். முழுக் கேஜ் பொருத்திய காரை ஹெல்மெட் இல்லாமல் சாதாரணச் சாலையில் ஓட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். சிறு மோதலில்கூடத் தலை எஃகுக் குழாயில் இடிக்கும். ஹார்னெஸ், இருக்கை இரண்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. பழையதை மலிவாக வாங்குபவர்கள் பட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்காமல் விடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

பிரேக்கில், நீண்ட பந்தயங்களுக்கான விலையுயர்ந்த பேடுகள் இங்கே உதவாது. அவை சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும், மலையேற்றத்திலோ முதல் அழுத்தலே கணக்கு. குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும் பேடு, புதிய ஹோஸ், புதிய திரவம் ஆகியவை போதும். டாட் 4 என்ற தரத்திலான பிரேக் திரவத்துக்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் உறிஞ்சிய பின் 155 டிகிரி. புதிய திரவம் கேட்பது இதற்காகத்தான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பட்டன்கள் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். சஸ்பென்ஷனின் மூட்டுகளில் உள்ள தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினாலே கார் பாதி திருந்திவிடும். மேடுபள்ளமான சாலையில் மிகக் கடினமான ஸ்பிரிங் சக்கரத்தைத் துள்ள வைக்கும் என்பதால், மிதமான ஸ்பிரிங்கும் நல்ல ஷாக் அப்சார்பரும் போதும்.

திறன் கூட்ட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 10 சதவீதச் சரிவில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, மலையை வெல்வதற்கு மட்டுமே சுமார் 26 குதிரைத்திறன் செலவாகிறது. நூறு கிலோ குறைந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு மிச்சமாவதோடு, வேகமெடுப்பதும் நிறுத்துவதும் திரும்புவதும் எளிதாகின்றன. கம்பளம், ஏர்கண்டிஷனர், ஸ்டெப்னி, பயணியின் இருக்கை ஆகியவற்றை விதி அனுமதிக்கும் அளவுக்குக் கழற்றச் செலவே இல்லை. அடுத்து, கொண்டையூசி வளைவிலிருந்து வெளியேறும்போது உட்சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5இல் வந்த, கெட்டியான திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் வகை வயதாக ஆகப் பலமிழக்கும். பின்னர் வந்த 1.8 லிட்டர் கார்களின், பற்சக்கரங்களால் இயங்கும் டார்சன் வகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இன்ஜினுக்கு டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், ஹோஸ்கள், எண்ணெய் ஆகியவற்றைப் புதிதாக்கினால் முதல் ஆண்டுக்குப் போதும். 1991 வரையிலான தொடக்கக்கால 1.6 இன்ஜின்கள் சிலவற்றில் கிராங்க் தண்டின் முனையில் புல்லியை நழுவாமல் பிடிக்கும் சாவி அமரும் பள்ளம் தேய்ந்துபோகும் பழுது உண்டு. ஐடிலிங்கில் ஓடும்போது கிராங்க் புல்லியை முன்னிருந்து பாருங்கள், அது தள்ளாடினால் அந்த இன்ஜினோடு காரை வாங்க வேண்டாம். பந்தய நாளில் தண்ணீர் சூடாகிவிட்டது என்று மீட்டர் காட்டினாலும் எண்ணெய் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். வரிசையில் நிற்கும்போதே அதற்கு நேரம் கொடுத்துவிட்டு, பிறகு புறப்படும் கோட்டுக்கு வாருங்கள்.