சர்வர், வழங்கி, வலைப் பயன்பாட்டு வழங்கி: ஒரு சொல் விளக்கம்

தமிழ்நாட்டுக்குக் கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே சர்வர் வந்துவிட்டார். உணவகத்தில் மேசையருகே வந்து நின்று, என்ன வேண்டும் என்று கேட்டு, உள்ளே போய்ச் சொல்லி, தட்டோடு திரும்பி வருபவருக்கு அந்தப் பெயர் நன்கு பழகிப்போயிருந்ததால், 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தின் தலைப்பை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிற்காலத்தில், பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலைகளில் 'சர்வர் டவுன்' என்று வீடுதோறும் சொல்லத் தொடங்கியபோது, அதே சொல் ஆளை விட்டுக் கணினியைக் குறித்தது. அந்தச் சொல்லையும், அதனோடு ஒட்டி வரும் 'வெப் அப்ளிகேஷன் சர்வர்' என்ற தொடரையும், இரண்டுக்கும் பொருந்தும் தமிழையும் இங்கே பார்க்கலாம்.

இலத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை. அதிலிருந்து பிறந்த வினை, பணிசெய்தல் என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கணினித்துறைக்கு அச்சொல் உணவகத்திலிருந்து வரவில்லை. வரிசையில் நிற்கும் மனிதர்களைப் பற்றிய கணக்கிலிருந்து வந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங், அழைப்புகளின் நெரிசலைப் பற்றி 1909-இல் எழுதிய காலத்தில், அழைப்பை இணைத்துத் தருபவர் தொலைபேசி இயக்குநர் என்றே சுட்டப்பட்டார். 1953-இல் கெண்டால் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் அந்தக் கணக்கைப் பொதுமைப்படுத்தியபோது, முகப்பில் நின்று ஒவ்வொருவராகக் கவனிக்கும் எதற்கும் சர்வர் என்ற பெயர் பொருந்தியது. 1969-இல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் தொடக்கக் குறிப்புகளில் ஐந்தாவதிலேயே, கேட்கும் கணினி ஒன்று, கொடுக்கும் கணினி ஒன்று என்ற பிரிவினை வந்துவிட்டது. கொடுக்கும் கணினிக்குச் சர்வர் என்ற அடைமொழியும் அங்கேயே கிடைத்தது.

வலை பிறந்ததும் அச்சொல் அதனோடு சேர்ந்துகொண்டது. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை வழங்கியை (வழங்கி என்பது சர்வருக்கான தமிழ்) இயக்கிய நெக்ஸ்ட் கணினியில், 'இந்தக் கணினி ஒரு சர்வர், இதை அணைத்துவிடாதீர்கள்' என்னும் பொருளில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. யாரேனும் அதை அணைத்திருந்தால் வலை முழுவதுமே அணைந்திருக்கும் காலம் அது.

அந்த முதல் வழங்கி உணவகச் சர்வரைப் போன்றதுதான்: கேட்ட கோப்பு ஏற்கெனவே அலமாரியில் இருக்கும், எடுத்து வந்து வைக்கும். சமையல் அதன் வேலையன்று. ஆனால் நூலகப் பட்டியல், தொடர்வண்டி இருக்கை, வங்கிக் கணக்கு போன்றவற்றைக் காட்டும் பக்கத்தை முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. கேட்டவர் யார், கேட்ட நொடியில் நிலவரம் என்ன என்பதைப் பார்த்து அப்போதே ஆக்கித் தரவேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ மையத்தில் 1993-இல் உருவான சிஜிஐ முறை இதற்கு வழி திறந்தது என்றாலும், வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு நிரலைப் புதிதாகத் தொடங்கி, வேலை முடிந்ததும் அதை முடித்துவைக்கும் முறையாக அது இருந்தமையால், கூட்டம் கூடியதும் கணினி திணறியது; ஒவ்வொரு தோசைக்கும் அடுப்பை மூட்டி அணைப்பது போன்ற நிலை. அடுப்பை அணையாமல் வைத்துக்கொண்டு, தகவல்களை அடுக்கி வைத்திருக்கும் தரவுத்தளத்தோடு (டேட்டாபேஸ்) கொண்ட தொடர்பையும் அறுக்காமல் பேணி, வரிசையாகப் பக்கங்களை ஆக்கிக்கொண்டேயிருக்கும் மென்பொருளுக்குத்தான் வெப் அப்ளிகேஷன் சர்வர் என்று பெயர் வந்தது. பரிமாறுபவர் பெயரைச் சமையற்காரருக்குச் சூட்டியிருக்கிறார்கள். மயக்கம் ஆங்கிலத்திலேயே தொடங்கிவிட்டது.

1995-இல் அல்லேர் சகோதரர்கள் வெளியிட்ட கோல்டுஃபியூஷன் இவ்வகையில் முன்னோடியான ஒன்று; 2001-இல் அது மேக்ரோமீடியாவின் கைக்கும் 2005-இல் அடோபியின் கைக்கும் போனது. அதன் நடைமுறையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் சொல்லின் பொருள் தெளியும். நூலகத் தேடல் பெட்டியில் ஒருவர் 'குறுந்தொகை' என்று தட்டுகிறார் என்று கொள்வோம். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் அதன்பின் அச்சொல்லும் ஒட்டிக்கொண்டு போகின்றன. வலை வழங்கி அதை வாங்கி, கோப்பின் பெயர் 'சிஎஃப்எம்' என்று முடிவதைக் கண்டதும், இது தன் வேலையன்று என்று கோல்டுஃபியூஷனிடம் தள்ளிவிடுகிறது. அந்தக் கோப்பில் 'சிஎஃப்குவெரி' என்ற குறியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே தரவுத்தளத்திடம் கேட்பதற்கான எஸ்கியூஎல் மொழியில் ஒரு வினவல் இருக்கும். தலைப்பில் அச்சொல் வரும் நூல்களையெல்லாம் எடு என்பது அதன் சாரம். தரவுத்தளம் ஏழு வரிகளைத் திருப்பித் தந்தால், 'சிஎஃப்அவுட்புட்' என்ற அடுத்த குறிக்குள் எழுதப்பட்ட ஒரே ஒரு வரி ஏழு முறை சுழலும். இரண்டு ஹேஷ் (#) குறிகளுக்கு நடுவே நூற்பெயர் என்ற புலம் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நூலின் பெயர் வந்து உட்காரும். படிப்பவரின் உலாவிக்கு (பிரவுசர்) போய்ச் சேர்வது பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் குறிகள் மட்டுமே; பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தாலும் வினவலின் சுவடு தெரியாது.

இனித் தமிழுக்கு வருவோம். சர்வர் என்பதற்கு இன்று இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன. சேவையகம் என்பதில் பொருள் வழுவவில்லை. ஆனால் 'அகம்' என்ற ஈறு ஓர் இடத்தைக் காட்டுகிறது. மின் கட்டணம் கட்டவும் சான்றிதழ் வாங்கவும் இ-சேவை மையத்துக்குப் போய்ப் பழகியவர், சேவையகம் என்றதும் ஒரு கட்டடத்தைத்தான் நினைப்பார். சர்வரோ பல வேளைகளில் ஒரு நிரல் மட்டுமே. மடிக்கணினியிலேயே இரண்டை ஒருங்கே இயக்கலாம். (சேவை என்ற சொல்லுக்குப் பெருமாளைத் தரிசிப்பது, இடியாப்பத்தின் உறவான பலகாரம் என வேறு பொருள்களும் உண்டு, அவை இங்கே இடையூறு செய்வதில்லை.)

வழங்கி என்பது கருவிப்பெயர் ஆக்கும் தமிழ் வழக்கில் நேராகப் பிறந்தது. வெட்டுவது மண்வெட்டி, கொத்துவது மரங்கொத்தி, பெருக்குவது ஒலிபெருக்கி என்பது போல, வழங்குவது வழங்கி. அதன் வேர்வினை கொடுத்தலையும் குறிக்கும், இடையறாது நடந்து வருவதையும் குறிக்கும். 'வழங்குவது உள்வீழ்ந்தக் கண்ணும்' என்ற குறளில் முதற்பொருள். 'வான்நின்று உலகம் வழங்கி வருதலால்' என்ற குறளில் இரண்டாம் பொருள். கொடுத்துக்கொண்டேயிருப்பதும் நிற்காதிருப்பதும் சர்வரின் இரு கடமைகள் அல்லவா? எனக்கு இச்சொல்லே பிடித்திருக்கிறது.

குறை இல்லாமலில்லை. அந்தக் குறளில் 'வழங்கி' வினையெச்சம், பெயரன்று. ஒரு பயிற்சிக் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்தபோது, 'செயலி வழங்கி நின்றுவிட்டது' என்ற வரியில் நானே ஒரு கணம் தடுமாறினேன்: வழங்கி என்னும் பொருள் நின்றதா, செயலியை வழங்கிவிட்டு ஏதோ ஒன்று நின்றதா? வழங்கியை, வழங்கியில், வழங்கிகள் என்று உருபோ பன்மை விகுதியோ ஏறினால் மயக்கம் போய்விடும். எழுவாயாக வரும் இடத்தில் மட்டும் 'அந்த வழங்கி' என்று ஒரு சுட்டுச் சேர்த்தால் போதும்.

அவ்வரியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்ளிகேஷனுக்குச் செயலி என்கிறோம். கணினியின் மூளையான நுண்செயலியிலும் அதே செயலிதான் இருக்கிறது. இதைச் சூழலால் பிரித்தறியலாம். ஆனால் 'செயலி வழங்கி' என்ற தொடரைத் தமிழ்க் காது ஒலிபெருக்கியைப் போலவே விரித்துக்கொள்கிறது: ஒலியைப் பெருக்குவது, செயலியை வழங்குவது. அப்படியானால் அது கைப்பேசிக்குச் செயலிகளை இறக்கித் தரும் கடைக்குப் பொருந்துமே தவிர அப்ளிகேஷன் சர்வருக்குப் பொருந்தாது. 'பயன்பாட்டு வழங்கி' என்றால், பயன்பாடு என்பது பயன்பாட்டு என்று திரிந்து நிற்பதால், அது வழங்கப்படும் பொருளாக அன்றி வழங்கியின் வகையைச் சொல்லும் அடையாகக் கேட்கிறது. ஆகவே வெப் அப்ளிகேஷன் சர்வர் என்பதற்கு 'வலைப் பயன்பாட்டு வழங்கி' என்பதையே பரிந்துரைக்கிறேன்.

இதனோடு வரும் டேட்டாபேஸ், தமிழில் நல்வாய்ப்புப் பெற்ற சொல். இலத்தீனில் 'டேட்டா' என்பது கொடுக்கப்பட்டவை. தமிழில் தரவும் தருதலிலிருந்து வந்ததே. கலிப்பாவின் முதல் உறுப்புக்குப் பெயராயிருந்த பழஞ்சொல் கணினிக்குள் வந்து இவ்வளவு இயல்பாகப் பொருந்தியது எனக்கு வியப்புத்தான். தொல்லை 'தளம்' என்ற பாதியில்: தரவுத்தள வலைத்தளம் என்று எழுதினால் இரண்டு தளங்கள் முட்டிக்கொள்ளும். 'தரவுத்தளத்திலிருந்து பக்கங்களை ஆக்கும் வலைத்தளம்' என்று நீட்டி எழுதுவது நல்லது.

இப்படிக் கேட்டதும் ஆக்கப்படும் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் வரும் டைனமிக் என்ற அடைக்கு 'இயங்கு' என்று எழுதுவதை நான் தவிர்ப்பேன். கிரேக்க வேருக்கு ஆற்றல் என்று பொருள். இயக்கம் பின்னர் ஏறியது. இயங்கு பக்கம் என்றால் திரையில் ஏதோ ஆடி அசைவதாகப் படிப்பவர் எண்ணுவார். மேலே கண்ட நூலகப் பக்கம் அசையாமல்தான் நிற்கிறது. கேட்ட நொடியில் ஆக்கப்பட்டது என்பதே அதன் சிறப்பு. 'உடனாக்கப் பக்கம்' என்று சொல்லிப் பார்க்கிறேன். நிலைப்பக்கம் என்பதற்கு எதிரில் அது தெளிவாக நிற்கிறது.

வேலை உலாவியில் அன்றி வழங்கியில் நடப்பதைச் சொல்லும் சர்வர் சைடு என்ற தொடரை 'வழங்கிப் பக்கம்' என்று எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை. வழங்கியிலேயே பக்கங்களை ஆக்குவதற்கு மைக்ரோசாஃப்ட் 1996-இல் கொண்டுவந்த ஆக்டிவ் சர்வர் பேஜஸ் நுட்பத்தைத் தமிழில் எழுத வரும்போது, பக்கம் என்பது திசையா ஏடா என்று படிப்பவர் குழம்புவார். வழங்கி முனை, உலாவி முனை என்று எழுதினால் பக்கம் என்ற சொல் பக்கத்துக்கே மிஞ்சும்.