உள் டயருக்கும் கேஜ் வையுங்கள்

மலேசியாவில் பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் பக்கத்து லாரி யார்டுகளில் விடியற்காலையில் இந்தச் சத்தம் கேட்கும். சுத்தியலையோ இரும்புக் கம்பியையோ எடுத்து டிரைவர் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே போவார். 'ணங்' என்றால் சரி, 'தொப்' என்றால் காற்றில்லை. முழுக்க இறங்கிப்போன டயரை இது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 110 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கவேண்டிய டயரில் 85தான் இருக்கிறது என்றால், எத்தனை வருடம் பழகிய காதுக்கும் தெரியாது; கேஜ் என்னும் அழுத்தமானி வைத்தால்தான் தெரியும். நெடுஞ்சாலையில் வெடிப்பது பெரும்பாலும் அந்த 85தான்.

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். அதில் பிறக்கும் சூடு ரப்பருக்கும் அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பிக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்திவிடும். செலுப் போட்ட டயர், அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது, என்றில்லை, புது டயரும் இப்படித்தான் உரிந்துபோகும்.

இரட்டைச் சக்கரத்தில் உள் டயர்தான் எப்போதும் ஏமாற்றும். குனிந்து, ரிம் துளைக்குள் கைவிட்டு வால்வைத் தேடவேண்டும் என்பதால் பலர் வெளி டயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டியவை, சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும். உள்ளே காற்று குறைந்தால் சுமை வெளி டயர் மேல் ஏறும். மெலிந்த டயர் ரோட்டில் இழுபட்டுத் தேயும். ஜோடிக்குள் 5 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள். இரட்டைத் தலை கேஜ் இருந்தால் உள் வால்வு எளிதில் எட்டும். எட்டாத வண்டிக்கு வால்வு நீட்டிப்புக் குழாய் போட்டுவிடுங்கள், காசு பெரிதில்லை.

வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆனபிறகே அளக்கவேண்டும். காலையில் 110 இருந்த டயர், மதிய வெயிலில் சுமையோடு ஓடி வந்தால் 125 காட்டும். அது இயல்பு. 'கூடிப்போச்சு' என்று திறந்துவிட்டால் மறுநாள் காலையில் 95க்குப் பக்கத்தில்தான் நிற்கும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. எவ்வளவு அடிப்பது என்பதை அச்சின் சுமையையும் டயர் கம்பெனியின் அட்டவணையையும் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். முன் டயருக்கும் பின் டயருக்கும் ஒரே அளவு பொருந்தவேண்டும் என்பதில்லை.

இன்னொன்றை அழுத்தியே சொல்லவேண்டும். 110 வேண்டிய டயர் 88க்குக் கீழே இறங்கிய நிலையில் ஓடியிருந்தால், நின்ற இடத்திலேயே காற்றடித்து அனுப்பாதீர்கள். பக்கச்சுவருக்குள் எஃகு இழைகள் ஒடிந்திருக்கலாம். வெளியே எதுவும் தெரியாது. காற்றேறும்போது ஜிப் பிரிவதுபோல வரிசையாகக் கிழியும், எதிரே நிற்பவர் உயிருக்கே ஆபத்து. கழற்றி உட்புறம் பார்க்கவேண்டும். திரும்ப அடிப்பதென்றால் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, கவ்விப் பிடிக்கும் முனையும் நீண்ட குழாயும் போட்டு, பக்கச்சுவருக்கு நேரே நிற்காமல் அடிக்கவேண்டும்.

லாரிகளுக்கான புஸ்பாகோம் வாகனச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான்; அதுவரை காத்திருக்க முடியாது. காற்று இறங்குவதற்கு ஒரு வால்வு மூடி தொலைந்தால் போதும்: தூசியும் மழைநீரும் உள்ளே போய், ஊசி சரியாக உட்காராமல் கசியும். சந்தேகமிருந்தால் வால்வில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குமிழி வரும். மூடி உலோகத்தில், உள்ளே ரப்பர் வளையத்தோடு இருக்கட்டும்.