படர்தாமரை ஏன் போய்ப் போய் வருகிறது?

தொடை இடுக்கிலோ இடுப்பிலோ வட்டமாக ஒரு சிவப்புத் தடிப்பு. விளிம்பு மேடிட்டுச் செதில் விட்டிருக்கும், நடுப்பகுதி சற்றுத் தெளிந்திருக்கும். அரிப்பு தாங்காமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ட்யூபைப் பூசினால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். நிறுத்தினால் வட்டம் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். அந்த ட்யூபில் பெரும்பாலும் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சிக்கல் அங்கேதான்.

படர்தாமரையை உண்டாக்கும் டிரைக்கோஃபைட்டான் வகைப் பூஞ்சை, தோலின் மேலடுக்கிலுள்ள செத்த செல்களிலிருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. சிவப்பையும் அரிப்பையும் உண்டாக்குவது அதை எதிர்க்கும் நம் நோயெதிர்ப்பு மண்டலம். அந்த அழற்சியால் தோல் வேகமாக உதிர்கிறது, பூஞ்சையும் சேர்ந்து வெளியேறுகிறது. வட்டத்தின் நடு தெளிவது இதனால்தான். ஸ்டீராய்டு இந்த எதிர்ப்பை அணைத்துவிடுவதால் அரிப்பு நிற்கிறது, பூஞ்சையோ தடையில்லாமல் பரவுகிறது. விளிம்பு மங்கிவிடுவதால் பார்த்ததும் படர்தாமரை என்று தெரியாது. பிரிட்டனில் ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1968-லேயே இதை விவரித்துவிட்டார்கள். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பு முழுதாக மறையாது.

சந்தேகம் இருந்தால் பரிசோதனை எளிது. விளிம்புச் செதிலைச் சுரண்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சிறிது நேரம் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தோல் செல்கள் கரைய, கிளைவிட்ட பூஞ்சை இழைகள் தெரியும். நடுவில் சுரண்டினாலோ, முந்தைய நாட்களில் பூஞ்சை கிரீம் பூசியிருந்தாலோ ஒன்றும் தெரியாமல் போகலாம்.

டெர்பினஃபின் என்ற பூஞ்சை மருந்து, பூஞ்சையின் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியை முடக்கும். செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் கிடைக்காமல் பூஞ்சை சாகும். இந்தியாவில் இப்போது பரவும் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற இனத்தில் பலவற்றுக்கு இந்த நொதியின் மரபணு மாறிவிட்டதால் மருந்து அதில் ஒட்டுவதில்லை. இந்த இனத்துக்குப் பெயர் வைத்ததே 2020-ல்தான். 2023-ல் நியூயார்க்கில் இரு நோயாளிகளிடம் கண்டறியப்பட்டது, அதில் ஒருவர் அண்மையில் வெளிநாடே போகாதவர். டெர்பினஃபின் பலருக்குப் பலிக்காததால் இங்கே பல மருத்துவர்கள் நேராக இட்ராகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்தை எழுதுகிறார்கள், வாரக்கணக்கில். இந்தக் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட வேண்டும். உடலில் சேர இரைப்பை அமிலம் தேவை, ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகள் அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் எடுப்பவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பூசுவதிலும் தவறுகள் நடக்கின்றன. விளிம்புக்கு வெளியே 2 செ.மீ. வரை பூச வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை அங்கேயும் போயிருக்கும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். அந்த அளவு இடத்துக்குத் தினம் இருவேளை பூசுபவருக்கு 15 கிராம் ட்யூப் பதினைந்து நாளில் தீர வேண்டும். மாதம் முழுக்க வருகிறது என்றால் பூசுவது போதவில்லை. தடிப்பு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

வீட்டில் ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் பயனில்லை. அரிப்புள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் மற்ற துணிகளோடு சேர்க்காமல் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் சிகிச்சை முடியும்வரை கழற்றி வையுங்கள். ஈரம் தங்கும் அந்தக் கயிற்றில் பூஞ்சை ஒட்டிக்கொண்டு இடுப்பைச் சுற்றிப் படரும். குளித்ததும் இடுக்குகளை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பிறகே உள்ளாடை. இறுக்கமான ஜீன்ஸ் கொஞ்ச நாள் வேண்டாம். கிருமிநாசினி சோப்பைத் தேய்ப்பதால் எரிச்சல்தான் கூடும்.

குழந்தையின் தலையில் முடி கொட்டி வட்டத் திட்டு விழுந்திருந்தால் கிரீமை நம்ப வேண்டாம். பூஞ்சை முடியின் வேர்வரை இறங்கியிருக்கும், உள்ளுக்கு மருந்து கொடுத்தால்தான் குணமாகும்.